பூங்கோதை தட்டில் ஏறிய தராசு நோம்பி

எங்கள் மேட்டுக்கரைப்பாளையத்து வெல்லத்தைத் தின்னாமல் வேறு ஊர் வெல்லத்தைத் தின்றுகொண்டு திருப்தியாக இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, பாவமாகத்தான் இருக்கும். காவிரிக்கும் பவானிக்கும் நடுவில் கரும்பு விளைகிற ஊர்கள் எத்தனையோ உண்டு, வெல்லம் காய்ச்சுகிற ஊர்களும் உண்டு. ஆனால் தராசுக்கு நோம்பி, அதாவது திருவிழா, எடுக்கிற ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான். அதனால்தான் மலையாளத்து வியாபாரியும் வடக்கத்தி வியாபாரியும் மற்ற சந்தைகளையெல்லாம் தாண்டி இங்கே வந்து, நாங்கள் போட்ட எடையைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் மூட்டை கட்டிச் சிப்பம் சிப்பமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சந்தையில் வெல்லம் தரம் பிரிக்கிற வேலை எனக்கு, ஆகவே நான் சொல்வதில் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

நோம்பி தை மாதத்தில் வரும். சந்தை நடுவில் தொங்குகிற பெரிய தராசைக் கழுவி, மஞ்சள் பூசி, பூச்சுற்றி, ஒரு தட்டில் கணவனையும் மறு தட்டில் மனைவியையும் உட்காரவைப்போம். தட்டில் கல் வைக்கக்கூடாது, வெல்லம் வைக்கக்கூடாது, மஞ்சள் கயிறு தவிரக் கழுத்திலும் காதிலும் கிடப்பதைக் கழற்றிவிட வேண்டும், புருஷன் பெண்டாட்டி இரண்டு உடம்பும்தான் தட்டில் இருக்க வேண்டும். முள் நேராக நின்றால் அந்த வருஷத்து முதல் சிப்பத்தை அவர்கள் கையாலேயே எடை போட்டு வியாபாரத்தைத் தொடங்குவார்கள். முள் சாய்ந்துவிட்டால், தராசு பிடிக்கிற உரிமை அந்தக் குடும்பத்தை விட்டு அன்றைக்கே போய்விடும். தராசு பிடிக்கிற குடும்பங்களுக்குள் முறை சுற்றி வரும், ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம். ஆடிப்பெருக்கு அன்று சந்தைச் சங்கம் கூடி, வரப்போகிற தைக்கு முறை யாருடையது என்று சொல்வார்கள். நான் சொல்லப்போகிற வருஷத்து ஆடியில் முறை மகுடீஸ்வரனுக்கு வந்தது, சொன்னவுடனே கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

ஏன் சிரித்தார்கள் என்றால், மகுடீஸ்வரனைத் தராசுத் தட்டில் வைத்தால் தட்டுக்கே தெரியாது. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தோளைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு ஒல்லி. அவன் பெண்டாட்டி பூங்கோதை கடைவீதியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள், கெட்டிக்காரி, ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவள் மனதுக்குள் இருக்கிறது. தன் அளவை மட்டும் அவள் எடுப்பதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது, அத்தனை கனம். கல்யாணத்தன்று இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அவன் தேய, அவள் பெருக, ஊர் வாய் சும்மா இருக்குமா? சோற்றுப் பானையை அவள் அமுக்கிக்கொண்டு அவனுக்கு வடிகஞ்சியை ஊற்றுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். விருந்துகளில் அவள் இலையில் என்ன விழுகிறது, எத்தனை தடவை விழுகிறது என்று எதிர்ப் பந்தியில் கண்கள் காத்திருந்தன. அவள் விருந்துகளில் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தாள்.

அப்படி மடித்த ஓர் இலைதான் நாகரத்தினம் அக்காவை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது. நாகரத்தினம் அக்கா கல்யாணச் சமையல் ஒப்புக்கொள்கிறவர், எங்கள் பக்கத்தில் அவர் தேதி கொடுத்த பிறகுதான் முகூர்த்தமே குறிப்பார்கள். பந்தி முடிந்ததும் மற்ற சமையல்காரர்கள் வெற்றிலை போட உட்காருவார்கள், அக்கா பின்கட்டுக்குப் போய் எறிந்த இலைகளைப் பிரித்துப் பார்ப்பார். எதில் பொரியல் மிச்சம், எதில் ரசம் ஓடிக்கிடக்கிறது என்று பார்த்தால்தான் அன்றைக்குச் சமைத்தது அவருக்குச் சமைத்ததாக ஆகும். அவர் இலைகளில் எதுவும் மிச்சம் இருக்காது. முறை சொன்ன அடுத்த மாதம், ஆவணி முகூர்த்தம் ஒன்றில் ஒரே ஓர் இலை முக்கால்வாசிச் சோற்றோடு மடிந்து கிடந்தது. யார் இலை என்று விசாரித்து, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, நேராகப் பூங்கோதையின் தையல் கடைக்குப் போய் நின்றார்.

"ஏன் அம்மிணி, என்ற சமையல்ல என்ன கொறை கண்ட?" என்று கேட்டார்.

பூங்கோதை தையல் மெஷினை நிறுத்தாமல் சொன்னாள்: "கொறை சமையல்ல இல்லீங் அக்கா. பாக்கறவிய கண்ணுல இருக்குதுங்."

அக்கா அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முறை வந்த கதை, சங்கத் தலைவர் அவினாசியப்பன் அவள் வீட்டுக்கே வந்து சொன்ன கதை, எல்லாம் வெளியே வந்தது. தலைவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் மெல்லமாகச் சொல்லிக் காரியம் முடிக்கிறவர். "கண்ணு, முறைய இந்த ஒரு தடவை என்ற தம்பி மகனுக்கு உட்டுக்குடுத்துருங்க. அவிய ரண்டு பேரும் சோடியா இருக்கறாங்க. உங்களுக்கும் அசிங்கமில்லாமப் போயிரும்" என்றாராம். மகுடீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். பூங்கோதைதான் வாசலுக்கு வந்து, "முறை எங்களுதுங். நாங்கதான் ஏறுவோம்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள் என்பதையும் அக்காவிடம் மறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே நாகரத்தினம் அக்கா சந்தைக்கு வந்து, தராசுக்குக் கீழே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தை வரைக்கும் மகுடீஸ்வரன் ஊட்டு அடுப்பு என்னுது. அந்தம்மிணிய எறக்கி, அந்தத் தம்பிய ஏத்தி, முள்ள நேரா நிறுத்தறேன். முள்ளு சாஞ்சுதுன்னா இந்தக் கரண்டிய ஆத்துல போட்டுட்டு, அப்பறம் இந்த ஊர்ல ஒரு உப்புக்கல்லுகூட எடுத்துப் போட மாட்டேன்."

எங்களுக்குத் திக்கென்றது. மகுடீஸ்வரன் தராசை இழப்பது அவன் பாடு, நாகரத்தினம் அக்காவின் கரண்டி ஆற்றோடு போய்விட்டால் அப்புறம் எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் கல்யாணம் செய்வது?

வீட்டுக்குள் போன பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது, ஏறுவதும் இறங்குவதும் சின்ன வேலை, நாக்குகள்தான் பெரிய வேலை என்று. பூங்கோதைக்கு எல்லாம் காய்ந்ததாக, புளித்ததாக, உப்பாக, கடித்தால் சத்தம் வருவதாக இருக்க வேண்டும். பால் வாசனை ஆகாது, இனிப்பு ஆகவே ஆகாது, வெல்லச் சந்தையில் வாக்கப்பட்டு வெல்லம் தொடாத ஒரே மருமகள் அவள்தான். சோற்றின் மேல் குழம்பு படக்கூடாது, பக்கத்தில் நிற்க வேண்டும். மகுடீஸ்வரனுக்கோ எல்லாம் குழைந்திருக்க வேண்டும், பாலும் நெய்யும் தேங்காய்ப்பாலும் இருக்க வேண்டும், காரம் பட்டால் கண் கலங்கும், கீரை நார் பல்லில் சிக்கினால் அந்த நேரச் சாப்பாடு முடிந்தது. கொள்ளு வாசனை வந்தால் வாசலுக்குப் போய்விடுவான். எங்கள் பக்கத்தில் கொள்ளு பிடிக்காத ஆண்பிள்ளை இருக்கிறான் என்பதே அதுவரை வெளியே யாருக்கும் தெரியாது.

அக்கா யோசித்து யோசித்துச் சமைத்தார். அவளுக்குக் கொள்ளும் சுரைக்காயும் அகத்திக்கீரையும், அவனுக்கு உளுந்தங்களியும் எள்ளும் நெய்யில் பொரித்த நேந்திரம்பழமும் போட்டுவந்தார். அவள் கொறித்தாள், அவன் வழித்துச் சாப்பிட்டான், இரண்டு தட்டுகளும் துடைத்த மாதிரி திரும்பி வந்தன. புரட்டாசியில் இரண்டு பேரையும் மண்டியில் எடை போட்டுப் பார்த்தால், அவன் இன்னும் இளைத்திருந்தான், அவள் இன்னும் பருத்திருந்தாள். தலைவர் தொண்டையை மட்டும் செருமினார். அக்காவுக்கு அந்தச் செருமல் போதும், ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஷயம் வெளிப்பட்டது ஒரு மத்தியானத்தில். அக்கா தூக்குப்போசியில் மகுடீஸ்வரனுக்கு மண்டிக்கே சாப்பாடு கொண்டுவந்தார், கூடவே பூங்கோதையும் வந்தாள். நான் பக்கத்தில் அச்சு வெல்லம் பிரித்துக்கொண்டிருந்தேன். நிழலில் சிப்பம் போடுகிற எடை மெஷின் காலியாகக் கிடக்க, பூங்கோதை கால் வலிக்கிறது என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மகுடீஸ்வரன் நெய்ச்சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டான். மெஷின் முள் ஒரு துளி ஏறியது. இன்னொரு வாய் போட்டான், இன்னொரு துளி ஏறியது. அக்கா இலை பார்த்துப் பழகிய கண்ணால் அவன் வாயையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவனை எழுப்பி மெஷினில் உட்காரவைத்து, பூங்கோதை கையில் ஒரு தட்டுவடையைக் கொடுத்து, கடிக்கச் சொன்னார். அவள் கடித்து விழுங்கியதும் அவன் கனம் ஒரு தட்டுவடை அளவு கூடியது.

"அட கெரகமே" என்றார் அக்கா. "இத மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி சமைச்சிருப்பனே."

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தின்றது அவள் உடம்பில் சேர்ந்திருக்கிறது, அவள் தின்றது அவன் உடம்பில் சேர்ந்திருக்கிறது. ருசி தின்றவர்களுக்கே, பசி அடங்குவதும் தின்றவர்களுக்கே, கனம் மட்டும் வீடு மாறிப் போயிருக்கிறது. அவன் பாலும் நெய்யுமாக அள்ளி அள்ளிச் சாப்பிட அவள் பெருத்தாள். பெருத்துப்போகிறோமே என்று பயந்து அவள் வாயைக் கட்ட, அவன் இளைத்தான்.

அன்று மகுடீஸ்வரன் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இனிமேல் தான் தண்ணீர்தான் குடிப்பேன் என்று சின்னப் பையன் மாதிரி அழுதான். பூங்கோதை அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இத்தன வருசம் உங்க பால்சோத்த நான் சொமந்தேன் மாமா, அது போகுது. நான் வாயக் கட்டிக் கட்டி உங்களையில்ல எளைக்க வெச்சிருக்கறேன், அதுதான் என்னால பொறுக்க முடியல" என்று சொல்லி, தூக்குப்போசியில் மீதி இருந்ததை முகம் சுளித்துக்கொண்டே அவள் சாப்பிட்டாள். நெய்ச்சோறு அவளுக்குப் பிடிக்காது. அவள் அவனுக்காக அதை விழுங்கியதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெல்லப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குப் புரியும். எப்படி, எதனால் என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. டீக்கடை அய்யாசாமி மறுநாளே மகுடீஸ்வரனுக்கு பஜ்ஜி கொடுப்பதை நிறுத்தி, "உங்கூட்டம்மா வரட்டும், அவியளுக்குத் தர்றேன், உனக்குச் சேரும்" என்றான். நேற்றுவரை பூங்கோதையின் இலையை எண்ணிய பெண்கள் இப்போது மகுடீஸ்வரன் கை எத்தனை தடவை நீள்கிறது என்று எண்ணினார்கள், அவன் கடலை உருண்டையைத் தொட்டால் நாலு பேர், "அந்தப் புள்ள சொமக்கோணும், கையக் கழுவு" என்று அதட்டினார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் தொப்பைக்குத் தன் பெண்டாட்டி தின்கிற முறுக்குதான் காரணம் என்று பஞ்சாயத்துக்குக் கொண்டுவந்தார். மெஷினில் உட்காரவைத்து, அந்த அம்மாவுக்கு முறுக்கு கொடுத்துப் பார்த்ததில் தொப்பை அவருடைய சொந்தச் சம்பாத்தியம்தான் என்று தெரிந்து, மூன்று சந்தைக்கு அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து தம்பதியை எடை பார்த்து, மெஷினை மாற்றி மறுபடி பார்த்து, இரண்டு மெஷினும் சரி என்று சொல்லிவிட்டு நாட்டுச் சர்க்கரை வாங்கிக்கொண்டு போனார். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது.

சங்கத்தில் ஒரே ஒரு சந்தேகம் வந்தது. ஒருத்தர் தின்றதை இன்னொருத்தர் தட்டில் ஏற்றுவது தராசை ஏய்க்கிற வேலை ஆகாதா என்று அவினாசியப்பன் கேட்டார். கூட்டத்தில் வாயே திறக்காத மகுடீஸ்வரன் அன்றைக்குத் திறந்தான். "தராசுக்கு எடைதானுங்க தெரியும். யாரு தின்னதுன்னு அது கேக்காதுங்க" என்றான். தராசு பிடிக்கிறவன் சொன்னால் அது முடிவு, தலைவரும் சரி என்றார்.

இனிமேல்தான் நாகரத்தினம் அக்காவின் நிஜமான சமையல் தொடங்கியது. இதுவரை அவளுக்கு என்று இருந்ததை அவனுக்கும், அவனுக்கு என்று இருந்ததை அவளுக்கும் மாற்றிவிட்டால் போதுமென்று நாங்கள் நினைத்தோம், எங்களுக்கு என்ன தெரியும்! கொள்ளு வாசனைக்கு வாசலுக்கு ஓடுகிறவன் இனிமேல் கொள்ளுத் தின்றாக வேண்டும், இனிப்பையும் நெய்யையும் கண்டால் குமட்டுகிறவள் உளுந்தும் எள்ளும் நெய்யும் தின்றாக வேண்டும். பிடிக்காததைத் தின்னச் சொல்ல அக்காவுக்கு வாய் வராது, இலையில் மிச்சம் வந்துவிடும். ஆகவே கொள்ளை முளைகட்டி, தோல் நீக்கி, வெண்ணெய் மாதிரி அரைத்து, துளித் தேங்காய்ப்பால் விட்டு, இளஞ்சூட்டில் குழைத்து அவனுக்குக் கொடுத்தார். சுரைக்காயைப் பாலில் வெந்ததோ என்று நினைக்கிற மாதிரி வேகவைத்தார், கீரையை நாரில்லாமல் கடைந்து வடிகட்டினார். அவன் வாசலுக்குப் போகாமல், "இது என்னதுங்க அக்கா?" என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டான். அவளுக்கு எள்ளை வறுத்து, மிளகாயும் பெருங்காயமும் புளியும் சேர்த்துப் பொடித்து, உதிர் உதிரான சோற்றில் நெய் தெரியாமல் பிரட்டிக் கொடுத்தார். உளுந்தைத் தட்டி மொறுமொறுவென்று எடுத்தார், நேந்திரங்காயை உப்பும் எலுமிச்சையும் போட்டு வறுத்தார். அவள் கடித்தால் சத்தம் எங்கள் மண்டி வரை கேட்டது. கார்த்திகையில் அவன் சட்டைக்குத் தோள் வந்தது, மார்கழியில் கன்னம் வந்தது. அவள் தன் அளவு நாடாவை எடுத்துத் தன்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு புது ரவிக்கை வெட்டினாள், நீலத்தில் மஞ்சள் கரை வைத்தது.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மார்கழியில் சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்களிடம் எங்கள் தம்பதியைக் காட்டிக் காட்டிப் பெருமை அடித்தோம். நோம்பிக்கு முதல் நாள் அக்கா இரண்டு பேரையும் தட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. நாளைக்குத் தட்டில் இருந்து இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் பல்லில் எதுவும் படாமல் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நோம்பிச் சமையலுக்கு அடுப்பு மூட்டப் போய்விட்டார். சந்தைக்கே சோறு போடுகிற வேலையும் அவருடையதுதான்.

எங்கள் ஊரில் நோம்பி அன்று காலையில் தட்டேறுகிறவன் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து எல்லாரையும் சந்தைக்குக் கூப்பிட வேண்டும். வாசல் ஏறி வந்தவனை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அதிலும் இத்தனை நாள் கேலி செய்த வீடுகள், இன்றைக்கு அவன் பூசினாற்போன்ற கன்னத்தோடு வேட்டி கட்டி வந்து நிற்கிறான், ஆசையாக இருக்காதா? ஒரு வீட்டில் கச்சாயம், அடுத்த வீட்டில் பணியாரம், அதற்கடுத்த வீட்டில் எள்ளுருண்டை. "வேண்டாமுங்க" என்றான். "ஒரே ஒரு வாய், அதுல என்ன ஆயிரப் போகுது" என்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தான் கொடுத்த ஒரு வாய் மட்டும்தான் தெரியும். என் வீட்டிலும் ஒரு வாய் கொடுத்தேன், எங்கள் வீட்டுக் கச்சாயத்தை வேண்டாம் என்று சொல்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

மேளம் கொட்டி, சந்தை நிறைந்து, வியாபாரிகள் லாரிகளின் மேல் ஏறி நின்று பார்க்க, பூங்கோதை நீல ரவிக்கையில் நடந்து வந்தாள். நிமிர்ந்து நடந்தாள். தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டில் உட்கார்ந்தாள். மகுடீஸ்வரன் மறு தட்டில் உட்கார்ந்தான். பிடித்திருந்த கயிற்றை விட்டார்கள். தராசு ஆடியது, ஆடி ஆடி நிதானத்துக்கு வந்தது, முள் பூங்கோதை பக்கம் சாய்ந்து நின்றது.

மேளம் தானாக நின்றுவிட்டது. பின்னால் யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கினான், அந்தப் பழைய சிரிப்பு. பூங்கோதை முகம் சிவந்து, கழுத்து குனிந்தது. சமையல் கொட்டகையிலிருந்து நாகரத்தினம் அக்கா கரண்டியோடு ஓடிவந்து முள்ளைப் பார்த்தார், அப்புறம் மகுடீஸ்வரனைப் பார்த்தார்.

"தம்பி, காத்தால என்ன தின்னீங்க?"

"கூப்புடப் போனனுங்க அக்கா..." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "அவியவிய ஊட்டுல ஒரு வாய்... வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு..."

சந்தையில் ஒரு பெண் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் வைத்துக்கொண்டாள். பூங்கோதை பக்கம் சாய்ந்திருப்பது எங்கள் கச்சாயமும் எங்கள் பணியாரமும்தான் என்று வரிசை வரிசையாக எல்லாருக்கும் புரிந்தது. சிரித்தவன் சிரிப்பை விழுங்கினான். அவினாசியப்பன் மெல்லமாக முன்னால் வந்து, "போச்சாது கண்ணு, போனாப் போகுது, எறங்கிக்கலாம்" என்று கை நீட்டினார். நாகரத்தினம் அக்கா கரண்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், ஆறு இருக்கிற திசையையும் ஒரு தடவை பார்த்தார்.

பூங்கோதை தலைவர் கையைப் பிடிக்கவில்லை. தலையைத் தூக்கி, சந்தை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அக்கா, எனக்குப் பசிக்குது. சோறு கொண்டாங்."

தலைவர் திகைத்து, "அம்மிணி, தட்டுல எதையும் வெக்கக்கூடாது, அது மொறை" என்றார்.

"தட்டுல வெக்கலீங். வாயில வெக்கறேன்" என்றாள் பூங்கோதை.

அக்கா ஓடினார். "என்ன போடட்டும் அம்மிணி?" என்று ஓடிக்கொண்டே கேட்டார். தராசு சாய்ந்து கிடக்க, பூங்கோதை நிதானமாகச் சொன்னாள்: "அரிசிம்பருப்புச் சோறுங்க. குண்டாவுல அடியில காந்துனதாப் பாத்து எடுங்க, கொழஞ்சது வேண்டாம். எலுமிச்ச ஊறுகா பக்கத்துல இருக்கோணும், மேல படக்கூடாது." அக்கா போன வழியெல்லாம் கூட்டம் பிளந்து நின்றது. வாழை இலையில் சோற்றோடு திரும்பி வந்து, தட்டைத் தொடாமல் பக்கத்தில் நின்று இலையை ஏந்திக்கொண்டார். நெய் ஊற்றினால் அவன் கனம் சீக்கிரம் ஏறும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பூங்கோதை ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டு, "சரி, ஊத்துங்" என்றாள்.

அவள் முதல் வாய் எடுத்தாள். வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அந்தப் பக்கம் மகுடீஸ்வரன் தட்டு ஒரு நூல் இறங்கியது. "ஆ" என்றது சந்தை. இரண்டாவது வாய் எடுத்தாள், காந்தல் அவள் பல்லில் நொறுங்கிய சத்தம் லாரி மேல் நின்ற மலையாளத்து வியாபாரிக்கும் கேட்டிருக்கும், மறு தட்டு இன்னும் இறங்கியது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், வருஷக்கணக்காக அவள் இலையை எண்ணிய வாய்களெல்லாம் சேர்ந்து, "இன்னொரு வாய் அம்மிணி! இன்னொரு வாய் கண்ணு!" என்று கெஞ்சின. ஜவுளிக்கடைக்காரரின் பெண்டாட்டி, "நல்லாத் தின்னு சாமி, அவசரமில்லாம மென்னு தின்னு" என்று அழுதாள். அய்யாசாமி பஜ்ஜித் தட்டோடு பின்னாலேயே நின்றான், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. பூங்கோதை யாரையும் பார்க்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஊருக்கு நடுவில், உயரத்தில், எல்லாக் கண்ணும் பார்க்க, அவளுக்குப் பிடித்த சோற்றை அவளுக்குப் பிடித்த மாதிரி, ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடச் சாப்பிட அவள் தட்டு மேலே எழும்பியது. அவளை அத்தனை அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முள் நேராக வந்து நின்றது. மேளக்காரன் கையை ஓங்கினான், ஆனால் நாகரத்தினம் அக்கா ஒரு விரலைத் தூக்கி அவனை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தார். இலையில் ஒரு வாய் சோறு மிச்சம் இருந்தது.

அவருடைய சங்கடம் எங்களுக்குப் புரிந்தது. அந்த வாயைப் பூங்கோதை தின்றால் முள் மகுடீஸ்வரன் பக்கம் போய்விடும். தின்னாமல் விட்டால் நாகரத்தினம் அக்காவின் இலையில், ஊர் பார்க்க, சோறு மிச்சம். ஓர் இலை மிச்சத்துக்காக ஒரு கடைப் படியேறிப் போனவர் அவர். வாயைத் திறந்து கேட்க மாட்டார், அத்தனை ரோஷக்காரி, இலையை மெதுவாக மடிக்கப் போனார்.

"மடிக்காதீங் அக்கா" என்றாள் பூங்கோதை.

அந்த ஒரு வாய்ச் சோற்றை விரலால் நடுவில் வகுந்து, பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, பாதியை அக்காவிடம் காட்டினாள். அக்கா இலையோடு மறு தட்டுக்குப் போனார். காரத்துக்குக் கண் கலங்குகிற மகுடீஸ்வரன், ஊறுகாய் பட்ட அந்தக் காந்தல் சோற்றை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயில் போட்டு, ஒரே சமயத்தில் விழுங்கினார்கள். அவளுடையது அவனுக்குப் போனது, அவனுடையது அவளுக்கு வந்தது.

முள் அசையவில்லை. நாகரத்தினம் அக்கா இலையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, சந்தையின் நாலு பக்கத்துக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு பருக்கை இல்லை.